மரபணுவைச் சுமக்கும் பெப்டைடு

கேள்வி: மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு பெப்டைடு மூலம் மரபணு சிகிச்சை வந்துவிட்டதாமே, நம்பலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஆய்வு நடப்பது உண்மை. மருந்தாகவே வந்துவிட்டது என்று யாராவது ஆசை காட்டினால் பர்ஸைத் திறக்காதீர்கள்.

டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்சுமை. செல்லின் மேலுறைக்கும் அப்படித்தான். ஆகவே வெறும் மரபணுவைச் செலுத்தினால் செல் லேசில் உள்ளே விடாது. பெப்டைடு என்பது அமினோ அமிலங்களைக் கோத்த குட்டிச் சங்கிலி. அதில் லைசின், ஆர்ஜினின் போன்ற நேர்மின்சுமை கொண்டவை மிகுந்திருந்தால், டி.என்.ஏ.வை இறுகச் சுருட்டி நானோ பொட்டலமாக்கிவிடும். கூடவே ஆர்.ஜி.டி. என்ற மூன்று அமினோ அமில வரிசையைச் சேர்த்தால், மெலனோமா செல்களில் அதிகம் காணப்படும் இன்டெக்ரின் புரதத்தை அது பற்றிக்கொள்ளும். வம்பு அதற்குப் பிறகுதான். உள்ளே போன பொட்டலத்தைச் செல் ஒரு பைக்குள் அடைத்து, அமிலம் சுரந்து செரிக்கப் பார்க்கும். பெரும்பாலானவை அங்கேயே காலி!

மெலனோமாவுக்கு மரபணு வழியில் அனுமதி பெற்ற மருந்து வேறு. கட்டியிலேயே ஊசியாகப் போடும், மரபணு மாற்றிய ஹெர்பிஸ் வைரஸான டி-வெக். அமெரிக்கா 2015-ல் அனுமதித்தது.

நம்மவர்களுக்கு மெலனோமா அரிது. வந்தால் பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலில், நகத்தடியில். பாடகர் பாப் மார்லிக்கும் கால்விரல் நகத்தடியில்தான் தொடங்கியது. அங்கே புதிதாகக் கறுப்புப் புள்ளியோ கோடோ தோன்றி வளர்ந்தால், உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.