மூலநோய்: கத்தியா, லேசரா?

தோட்டப்புறத்தில் நீரிழிவைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் சத்தமாகவே பேசுவார்கள். மூலம் என்றால் மட்டும் குரல் இறங்கிவிடும். ஜாசின் வட்டாரத்தில் வளர்ந்த நான், "உடம்புச் சூடு" என்று சொல்லியே இரத்தப்போக்கை ஆண்டுக்கணக்கில் மறைத்தவர்களை அறிவேன். அவர்களே இன்று, "லேசர் போட்டால் ஒரே நாளில் சரியாகிவிடுமாமே தம்பி?" என்று கேட்கிறார்கள்.

ஆசனவாயின் உட்புறத்தில் இரத்த நாளங்களாலான மெத்தை போன்ற திசுக்கள் நம் எல்லாருக்கும் உண்டு. அவை வீங்கிக் கீழே சரிவதே உள்மூலம். முதல் நிலையில் இரத்தம் மட்டும் வரும். இரண்டாம் நிலையில் வெளியே வந்து தானே உள்ளே போகும். மூன்றாவதில் விரலால் தள்ள வேண்டும். நான்காவதில் தள்ளினாலும் நிற்காது.

வழக்கமான அறுவைச் சிகிச்சை 1937இல் இலண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் மில்லிகன், மோர்கன் இருவரும் விவரித்த முறை. மூலத்தை வெட்டியெடுத்து, புண்ணைத் தைக்காமல் ஆறவிடுவார்கள். ஆசனவாயின் வெளிப்பகுதித் தோலில் வலியுணர் நரம்புகள் மிகுதி. அந்தத் தோலும் வெட்டுப்படுவதால்தான் அவ்வளவு வலி. புண் ஆறச் சில வாரங்களாகும்.

லேசர் முறையில் எதையும் வெட்டியெடுப்பதில்லை. சிறு துளை வழியாக மெல்லிய இழையை மூலத்துக்குள் செலுத்துகிறார்கள். பெரும்பாலும் 1470 நானோமீட்டர் அலைநீள ஒளி. அதன் வெப்பத்தால் இரத்த நாளம் அடைபட்டு, மூலம் சுருங்குகிறது. வலி குறைவு, வேலைக்கும் விரைவில் திரும்பலாம். குத்தகையாளரிடம் நாள் சம்பளத்துக்குச் செம்பனைக் குலை வெட்டுபவருக்கு இது சின்ன விஷயமா?

ஆனால் மூலம் மீண்டும் வரும் வாய்ப்பு, வெட்டியெடுப்பதைவிட லேசரில் அதிகம். இதைப் பலர் சொல்வதில்லை. இரண்டு, மூன்றாம் நிலைகளுக்கு அது பொருந்தலாம். நான்காம் நிலைக்குக் கத்தியே இன்னும் நம்பகமானது என்பேன். தனியார் மருத்துவமனையில் கடன்பட்டு லேசர் செய்துகொள்ள நினைப்பவர், தமக்கு எந்த நிலை என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.

பலருக்கு இரண்டுமே தேவைப்படாது. நார்ச்சத்துள்ள உணவும் தண்ணீரும், கழிப்பறையில் முக்கிக்கொண்டு நெடுநேரம் உட்காராமையும் தொடக்க நிலைக்குப் பெரும்பாலும் போதும். அதற்கும் அடங்காவிட்டால் இரப்பர் வளையம் போடுவார்கள். சில நாளில் மூலம் காய்ந்து உதிர்ந்துவிடும்.

இன்னொன்று. குடல் புற்றுநோயிலும் மலத்தில் இரத்தம் வரும். எடை குறைந்தாலோ மலம் போகும் வழக்கம் மாறினாலோ, வயது நாற்பதைத் தாண்டியிருந்தாலோ, லேசரா கத்தியா என்ற கேள்விக்கே முன்னால் பரிசோதனை வேண்டும். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான். தேவையானால் அங்கிருந்தே மலாக்கா மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.