நாய்க்கு வாயுத் தொல்லையா? பூண்டு வேண்டாம்!

"டாக்டர், எங்க வீட்டு நாய்க்கு ஒரே வாயு. பூண்டுப் பால் கொடுக்கலாமா?" என்று கேட்கிறீர்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், கொடுக்கவே கூடாது! நமக்கு மருந்தாகும் பூண்டும், வெங்காயமும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும்.

வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலும் ஆகாது. செரிக்காத பால் சர்க்கரை குடலில் புளித்து வாயுவாகும். முதலில் பாலை நிறுத்திப் பாருங்கள். மிச்சமான சாம்பார் சாதமும் வேண்டாம். லபக் லபக்கென்று விழுங்கும் நாய், காற்றையும் சேர்த்தே விழுங்கும். தீனியை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, அகலத் தட்டில் பரப்பி வையுங்கள். தினமும் நடக்கக் கூட்டிப் போங்கள்.

வயிறு திடீரென உப்பி, வாந்தி வராமல் குமட்டுகிறதா? இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம்; உயிருக்கே ஆபத்து. கஷாயம் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.