ஆடிச் சந்தையும் ஒரு துளி ரத்தமும்

ஆடி பிறந்தால் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கால்நடைச் சந்தை களைகட்டும். ஊர்தோறும் அம்மன் கோயில்களில் கிடாவெட்டும் நடக்கும். பல்லைப் பார்த்து, மடியைத் தடவி, சுழியையும் சோதித்து மாடு பிடிக்கிறவர்கள் ரத்தத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள். கன்று வீச்சு நோய் எனும் புரூசெல்லோசிஸ் ரத்தத்தில்தான் பிடிபடும்.

மால்டா தீவில் 1887இல் டேவிட் புரூஸ் இந்த நோயின் கிருமியைக் கண்டறிந்தார். அது மனிதருக்கு எங்கிருந்து வருகிறது என்பது 1905 வரை புலப்படவில்லை. அந்த ஆண்டு மருத்துவர் தெமிஸ்டோகிளிஸ் சம்மிட் சோதித்த ஆடுகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன, ரத்தம்தான் காட்டிக்கொடுத்தது.

சோதனை எளிது. ரத்தத்திலிருந்து பிரிந்த ஒரு துளி சீரத்தோடு, ரோஸ் பெங்கால் எனும் சிவப்புச் சாயமேற்றிய திரவத்தைக் கலந்து நான்கு நிமிடம் அசைப்பார்கள். திரிதிரியாகத் திரண்டால் சந்தேகம். எலிசா போன்ற அடுத்த சோதனையில் உறுதிசெய்ய வேண்டும். ரத்த மாதிரிக் குழாயோடு மாட்டின் கதையும் ஆய்வகம் போவது முக்கியம். 2019 முதல் தேசியத் திட்டத்தில் 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். அந்த ஊசியாலேயே சில மாதங்களுக்குச் சோதனை ‘பாசிட்டிவ்’ காட்டலாம். கன்று வீசிய கையோடு எடுத்த ரத்தமோ நோயிருந்தும் ‘நெகட்டிவ்’ என்று ஏமாற்றலாம். மூன்று வாரம் கழித்து மறுபடி எடுப்பது நல்லது. காது வில்லை எண், ஊசி போட்ட மாதம், கன்று வீசிய தேதி இவற்றை எழுதாத சீட்டு பாதிச் சீட்டுதான்.

மனிதருக்கும் இதே கணக்கு. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ராத்திரி வியர்வை, இடுப்புவலி இருந்து, டைபாய்டு, மலேரியா சோதனைகளில் ஒன்றும் தெரியாவிட்டால், ஆடு உரித்ததையும், ஈனும் மாட்டுக்குக் கைகொடுத்ததையும், பச்சைப்பால் குடித்ததையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்த வளர்ப்புச் சோதனைக்குக் கொடுத்துவிடுவது உத்தமம். புரூசெல்லா சந்தேகம் என்று சீட்டில் எழுதச் சொல்லவும் வேண்டும். ஆய்வக ஊழியர்களையே தொற்றுகிற கிருமி இது. குணமான பிறகும் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் நெடுநாள் தங்கும் என்பதால் ஒரே ஒரு ‘பாசிட்டிவ்’ சீட்டைப் பார்த்து மிரளத் தேவையில்லை. நோய் உறுதியானால் சேர்த்துக் கொடுக்கும் மருந்துகளை ஆறு வாரமாவது சாப்பிட வேண்டும். சில நாளில் காய்ச்சல் விட்டதும் நிறுத்துகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் திரும்ப வருகிறது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை: விலை பேசும் முன் கால்நடை மருந்தகத்தில் ரத்தம் எடுக்க ஏற்பாடு, புது மாட்டுக்குத் தனிக் கொட்டில், நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடாமல் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்தல், பாலைப் பொங்கக் காய்ச்சுதல்.

நோய் உறுதியான மாட்டைக் குணமாக்க நடைமுறையில் வழியில்லை. கால்நடை மருத்துவர் சொல்கிறபடி அதைத் தனியே கட்டி வையுங்கள்; அடுத்த சந்தையில் இன்னொருவர் தலையில் கட்டிவிடாதீர்கள்.