நாய்க்குட்டியின் முதல் நான்கு மாதங்கள்

பட்டிக்கும் களத்துக்கும் வீட்டுக்கும் காவலாக நாய் வளர்ப்பது நம் கிராமங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். கன்றுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் நோய் கண்டால் உடனே மருந்து தேடும் நாம், நாய்க்குட்டியை மட்டும் "பிழைத்தால் பிழைக்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். இவ்வசட்டையினால் குட்டி மட்டும் மடிவதில்லை. அதனோடு விளையாடும் குழந்தையின் உயிருக்கும் ஆபத்து நேர்கிறது. ஆகவே, குட்டி பிறந்தது முதல் நான்கு மாதம் வரை செய்ய வேண்டுவன யாவை என்பதை இங்குக் காண்போம்.

சீம்பால்

பிறந்த குட்டிக்கு முதல் மருந்து தாயின் சீம்பாலே. தாயின் உடலிலுள்ள நோய் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் அதன் வழியாகவே குட்டியைச் சேர்கிறது. பிறந்த முதல் நாள் கடந்துவிட்டால் குட்டியின் குடல் அச்சக்தியை ஈர்த்துக் கொள்ளாது. ஆதலின், பிறந்த சில மணி நேரத்திற்குள் ஒவ்வொரு குட்டியும் பால் குடித்ததா என்று கவனித்தல் அவசியம். முதல் வாரங்களில் தன் உடற்சூட்டைத் தானே காத்துக் கொள்ளும் ஆற்றலும் குட்டிக்கு இல்லை. உலர்ந்த சாக்கையோ வைக்கோலையோ பரப்பி, குளிர்காற்றுப் படாத இடத்தில் அதனை வைக்க வேண்டும்.

குட்டி 10 முதல் 14 நாட்களில் கண் திறக்கும். கண் திறந்ததும் அதனைத் தூக்கி வந்துவிடுவோர் உண்டு, இது தவறு. 8 வாரம் வரை தாயோடு இருக்க விடுவதே முறை.

குடற்புழு

உருளைப்புழு கருப்பையிலேயே குட்டியைப் பற்றிவிடுகிறது; கொக்கிப்புழு தாய்ப்பாலின் வழியே வருகிறது. வயிறு உப்புதலும் ஈறு வெளுத்தலும் இவற்றின் அறிகுறிகள். 2, 4, 6, 8ஆம் வாரங்களிலும், பின்னர் ஆறாம் மாதம் வரை மாதம் ஒரு முறையும், எடைக்கு ஏற்ற அளவில் புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். உருளைப்புழுவின் முட்டை மண்ணிலிருந்து குழந்தையின் வாய்க்குச் சென்றால், அதன் இளம்புழு கண்ணைத் தாக்கிப் பார்வையைக் கெடுப்பதும் உண்டு. குட்டியின் மலத்தை அன்றாடம் அகற்றுவதையும், உண்ணுமுன் குழந்தைகள் கை கழுவுவதையும் மறத்தலாகாது.

பல ஊசிகள் எதற்கு?

"ஒரு ஊசி போட்டாயிற்றே, மறுபடியும் ஏன்?" என்று கேட்போர் பலர். தாய் தந்த எதிர்ப்புச் சக்தி வலுவாக இருக்கும்வரை, அது தடுப்பூசி மருந்தையும் செயற்படாமல் தடுத்துவிடும். அது எப்பொழுது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆகவேதான் டிஸ்டம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி ஆகிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை 6 முதல் 8ஆம் வாரத்தில் தொடங்கி, 16ஆம் வாரம் வரை 2 முதல் 4 வாரங்களுக்கு ஒரு முறை போடுகிறார்கள். இடையில் நிறுத்தினால் பாதுகாப்பு உறுதியாகாது. பார்வோ நோயின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் அழியாமல் இருக்கும். இரத்தக் கழிச்சல் கண்டு ஒரு குட்டி மாண்ட இடத்தில் மற்றொரு குட்டியை உடனே வைத்தல் கூடாது.

வெறிநோய்

குட்டிக்கு வெறி பிடிக்காது என்பது தவறான நம்பிக்கை. உமிழ்நீர் ஒழுக, விழுங்க இயலாமல் தவிக்கும் குட்டியைக் கண்டு, எலும்பு சிக்கியதென்று எண்ணி அதன் வாயில் கைவிடுவோர் உளர். அது வெறிநோயாகவும் இருக்கலாம்! வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாம் மாதத்தில் போட்டு, ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

குட்டி கடித்தாலும் பல்லோ நகமோ கீறினாலும், காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுக. சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் வேண்டா. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று, சொல்லும் நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டுக் கொள்க. 1885 ஜூலை 6ஆம் நாள் லூயி பாஸ்டர் 9 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இந்நோய்க்கு எதிரான சிகிச்சையைத் தொடங்கினார். நம் குன்னூரில் 1907ஆம் ஆண்டிலேயே பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. மருந்து கிடைத்து இத்தனை காலமாகியும் உயிர்கள் போவது தாமதத்தால்தான். நோயின் குறிகள் தோன்றிய பின் மருந்து பயனளிப்பதில்லை.

நம் கடமை

ஊரிலுள்ள நாய்களில் 100க்கு 70க்கேனும் ஆண்டுதோறும் ஊசி போடப்பட்டால், வெறிநோய் பரவும் வழி அடைபடும். இது தனி ஒருவரால் ஆவதன்று. ஊராட்சியும் இளைஞர்களும் கால்நடை மருத்துவரை அழைத்து, ஒரே நாளில் வீட்டு நாய்க்கும் தெரு நாய்க்கும் ஊசி போட ஏற்பாடு செய்யலாம். குட்டி வளர்ப்போர் ஊசி போட்ட நாளையும் அடுத்து வரவேண்டிய நாளையும் ஒரு தாளில் குறித்து, வீட்டில் எல்லோரும் காணும் இடத்தில் வைப்பார்களாக. குட்டியைக் காக்கும் அந்தத் தாள் குழந்தையையும் காக்கும்.