இயற்பியல் படித்தால் என்ன ஆகலாம்?

"இயற்பியல் படித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய்? வாத்தியார் வேலைக்குத்தானே?" பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் மாணவர் பலரிடம் வீட்டாரும் அண்டை அயலாரும் கேட்கும் கேள்வி இது. ஆசிரியப் பணி உயர்ந்த பணி, அதில் ஐயமில்லை. ஆனால், அது ஒன்றே வழி என்று எண்ணுவது சரியன்று. இயற்பியல் விதிகளைத் தொழிற்சாலையிலும் மருத்துவமனையிலும் விண்கலத்திலும் வேலை வாங்கும் படிப்பு ஒன்று உண்டு. அதுவே பயன்பாட்டு இயற்பியல். அதைப் பற்றி இங்கே காண்போம்.

விதிக்கும் கருவிக்கும் நடுவே

அணு ஒன்றை ஒளியால் தூண்டி, அதே வகை ஒளியை மேலும் வெளிவிடச் செய்யலாம் என்று 1917-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் காட்டினார். அந்தக் கருத்தைக் கொண்டு முதல் லேசர் 1960-இல்தான் ஒளிர்ந்தது. அதைச் செய்தவர் அமெரிக்கரான தியோடர் மைமன். அவர் கல்லூரியில் பயின்ற பாடம் பொறியியல் இயற்பியல். கருத்துக்கும் கருவிக்கும் இடையே 43 ஆண்டுகள்! அந்த இடைவெளியில் நின்று வேலை செய்பவரே பயன்பாட்டு இயற்பியலாளர்.

'ஏன்?' என்று கேட்பதோடு அவர் நிற்பதில்லை. 'எவ்வளவு?' என்று கேட்பார். அடுத்து, 'இதில் பிழை எவ்வளவு இருக்கலாம்?' என்றும் கேட்பார். இந்தக் கடைசிக் கேள்விதான் இப்படிப்பின் உயிர்நாடி. ஏன் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

ஒரு விதி, ஓர் உயிர்

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தருவதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோபால்ட்-60 என்ற கதிரியக்க ஐசோடோப்பிலிருந்து வரும் காமாக் கதிர்கள் இதற்கு உதவுகின்றன. கனடாவில் 1951-இல் முதன்முதலாக இச்சிகிச்சை தொடங்கியபோது, அதற்கான கருவிகளுள் ஒன்றை உருவாக்கியவர் ஹெரால்ட் ஜான்ஸ் என்ற இயற்பியல் பேராசிரியர். இன்று பல மருத்துவமனைகளில் எலெக்ட்ரான்களை முடுக்கி எக்ஸ் கதிர்களை உண்டாக்கும் நேர்கோட்டு முடுக்கிகள் உள்ளன. எனினும் கணக்கு எளிதாக இருக்கும் என்பதால், கோபால்ட் கருவியையே எடுத்துக்கொள்வோம்.

உடல் ஏற்கும் கதிர் அளவை 'கிரே' என்ற அலகால் குறிப்பர். ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது ஒரு கிரே. பொதுவாக நாளொன்றுக்கு 2 கிரே வீதம், 30 நாட்களில் 60 கிரே தருவதுண்டு. இது எவ்வளவு ஆற்றல்? ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4200 ஜூல் வேண்டும். ஆகவே 60 ஜூல் முழுவதையும் ஒரே முறையில் செலுத்தினாலும் நீர் 0.014 டிகிரிதான் சூடாகும். கையால் தொட்டுப் பார்த்தால் தெரியாது. ஆனால் அதே ஆற்றல் செல்களுக்குள் அயனிகளை உண்டாக்கி, மரபுப் பொருளைச் சிதைத்து, புற்றுக் கட்டியையே அழித்துவிடுகிறது. புலனுக்கு எட்டாத ஒன்றை அளந்து கொடுக்க வேண்டியிருப்பதால்தான் அங்கே இயற்பியலாளர் தேவைப்படுகிறார்.

எதிர்த்தகவு இருமடி விதியை நீங்கள் அறிவீர்கள். ஒரு மூலத்திலிருந்து விலக விலக, கதிரின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். கோபால்ட் மூலத்திலிருந்து 80 செ.மீ. தொலைவில் நோயாளியை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று கொள்வோம். கவனக் குறைவால் அது 78 செ.மீ. ஆகிவிட்டது. இரண்டு விரற்கடைதானே என்று தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள்: 80-ஐ 78-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 1.052 வரும். அதாவது 5 சதவீதத்திற்கு மேல் கதிர் கூடிவிட்டது! 30 நாட்களில் 60 கிரேக்குப் பதில் 63 கிரேக்கு மேல். நோயாளி ஒன்றரை நாள் சிகிச்சையைக் கூடுதலாக வாங்கிக்கொண்டார் என்று பொருள். இச்சிகிச்சையில் மொத்தப் பிழையே 5 சதவீதத்திற்குள் இருக்க வேண்டும் என்பது பொது நியதி. இரண்டு சென்டிமீட்டர் அந்த வரம்பு முழுவதையும் விழுங்கிவிடுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. கோபால்ட்-60-இன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டுகள். ஆகவே மூலத்தின் வலிமை மாதந்தோறும் ஏறத்தாழ 1.1 சதவீதம் குறைகிறது. ஆறு மாதம் இதைக் கணக்கில் எடுக்காமல், பழைய நேரத்தையே வைத்துக்கொண்டால், நோயாளிக்குக் கதிர் 6 சதவீதம் குறையும். கூடினால் நல்ல திசு கெடும். குறைந்தால் புற்று பிழைத்துக்கொள்ளும். இரண்டுமே ஆபத்து.

எவ்வளவு கதிர் வேண்டும் என்று முடிவு செய்பவர் மருத்துவர். அந்த அளவு அந்த இடத்தில்தான் சேருகிறது என்று உறுதி செய்பவர் மருத்துவ இயற்பியலாளர். மனித உடலுக்குப் பதிலாக நீர்த் தொட்டியை வைத்து, அதனுள் அயனியாக்கக் கலத்தை அமிழ்த்தி, விடுபடும் மின்னூட்டத்தை அளந்து அவர் கருவியைச் சரிபார்க்கிறார். நோயாளிக்கு அவர் பெயர்கூடத் தெரியாமல் போகலாம். ஆயினும் அந்த உயிரின் ஒரு பகுதி அவருடைய அளவீட்டை நம்பியிருக்கிறது.

இன்னும் எங்கெங்கே?

தண்டவாளத்தின் உள்ளே விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மீயொலியை உள்ளே செலுத்தி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளந்தால் விரிசல் இருக்கும் ஆழம் தெரிந்துவிடும். எஃகில் மீயொலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 5900 மீட்டர். எதிரொலி 20 மைக்ரோ வினாடியில் திரும்பினால் விரிசல் 5.9 செ.மீ. ஆழத்தில் உள்ளது. இவ்வகைச் சோதனை இரயில்வேயிலும், கொதிகலன், விமானப் பாகங்கள் செய்யும் தொழில்களிலும் அன்றாடம் நடக்கிறது.

அளவீட்டையே தொழிலாகக் கொண்ட இடம் புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் முதல் இயக்குநர், தமிழ்நாட்டில் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். கிலோகிராம் என்றால் என்ன என்பதே 2019-இல் மாற்றி வரையறுக்கப்பட்டது. ஓர் உலோகக் கட்டியை விட்டுவிட்டு, பிளாங்க் மாறிலியைக் கொண்டு இப்போது அதை வரையறுக்கிறார்கள். இத்தகைய அளவுத் தரங்களை நம் நாட்டிற்குக் காத்துத் தருவது இவ்வாய்வகத்தின் பணி. இவையன்றி, குறைகடத்திகள், ஒளியிழைகள், சூரிய மின்கலங்கள், விண்கல உணரிகள், அணு உலைகள் ஆகிய துறைகளிலும் இப்படிப்பினருக்கு வேலை உண்டு.

எப்படிப் படிப்பது?

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்றும் வேண்டும். அதன்பின் இரண்டு பாதைகள் உள்ளன.

முதலாவது, ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் பொறியியல் இயற்பியல் பி.டெக். படிப்பது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் இது உண்டு. இதற்குக் கடினமான நுழைவுத் தேர்வுகளைத் தாண்ட வேண்டும்.

இரண்டாவது பாதை பலருக்கும் எட்டக்கூடியது: கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இயற்பியல், பின்னர் எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியலை விரும்புவோர் பி.எஸ்சி.க்குப் பின் அத்துறையிலேயே எம்.எஸ்சி. சேரலாம், அண்ணா பல்கலைக்கழகத்தில் இப்படிப்பு உள்ளது. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர், மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியல் இயற்பியல் பட்டயப் படிப்பிலும் சேரலாம். அதன்பின் மருத்துவமனையில் ஓராண்டுப் பயிற்சியும் பெற வேண்டும். அதே மையம் 1957 முதல் நடத்திவரும் பயிற்சிப் பள்ளி, பட்டதாரிகளை அணு அறிவியலாளர்களாக ஆக்குகிறது. விதிமுறைகள் அவ்வப்போது மாறுவதால், சேரும் ஆண்டின் அறிவிப்பைத் தவறாமல் பாருங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பி.எஸ்சி. பட்டம் மட்டும் பெற்று இத்துறைகளில் நல்ல பணியை எதிர்பார்ப்பது கடினம். பள்ளிக்குப் பின் ஐந்தாறு ஆண்டுகள் பொறுமையாகப் படிக்க வேண்டும். மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல், திண்மநிலை இயற்பியல், மின்னணுவியல் ஆகியவை கணிதத்தின் தோளில் ஏறித்தான் வரும். கணினியில் நிரல் எழுதவும் பழக வேண்டும். வீட்டில் இதை முன்கூட்டியே பேசி முடிவெடுப்பது நல்லது.

இன்றே தொடங்கலாம்

இதற்குக் கல்லூரி வரை காத்திருக்க வேண்டுவதில்லை. அடுத்த முறை ஆய்வகத்தில் தனி ஊசலை ஆட்டும்போது, விடை புத்தகத்தோடு பொருந்த வேண்டும் என்று எண்களைத் திருத்தாதீர்கள். பத்து முறை அளந்து, எண்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வேறுபாடு ஏன் வந்தது என்று தேடுங்கள். பயன்பாட்டு இயற்பியலின் முதல் பாடம் அதுதான்.

ஒரு கணக்கு: கோபால்ட் கருவி ஒன்றில் புதிய மூலத்தை வைத்த நாளில், ஒரு நோயாளிக்கு 2 நிமிடச் சிகிச்சை போதுமாக இருந்தது. பத்தரை ஆண்டுகளுக்குப் பின் அதே அளவு கதிரைத் தர எத்தனை நிமிடம் ஆகும்? விடை ஏறத்தாழ 8 நிமிடம். ஏன் என்று நீங்களே கண்டுபிடியுங்கள். அந்த எட்டு நிமிடமும் அசையாமல் படுத்திருக்க வேண்டியவர் ஒரு நோயாளி என்பதையும் நினைவில் வையுங்கள்.