ஆபரேஷனுக்கு முன்னால் அப்ரூவல்: காத்திருக்கும் நாளில் செய்ய வேண்டியவை



"டாக்டர் ஆபரேஷன்னு சொல்லிட்டார். இன்சூரன்ஸ் அப்ரூவல் இன்னும் வரலை." குழுக் கூட்டங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. இந்த இடைவெளியில்தான் பல குடும்பங்கள் அவசரப்பட்டுக் கடனில் விழுகின்றன. ஆகவே இந்த மாதப் பாடம் இதுதான்.

திட்டம் என்ன?

தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. 2018-ல் இது மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். பணத்தை நாம் கட்டிவிட்டுப் பின்னால் பில் காட்டி வாங்கும் திட்டம் அல்ல இது. மருத்துவமனைக்கே பணம் நேராகப் போய்விடும். அதனால்தான் முன் அனுமதி தேவைப்படுகிறது.

அப்ரூவல் எப்படி வருகிறது?

1. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு நம் அட்டையைச் சரிபார்க்கிறது.
2. நோய் விவரம், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகளை கம்ப்யூட்டர் வழியாக அனுப்புகிறது.
3. காப்பீட்டுத் தரப்பு டாக்டர்கள் பார்க்கிறார்கள். ஏதாவது குறைந்தால் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள்.
4. பதில் சரியாக இருந்தால் அனுமதி வருகிறது.

எங்கே தாமதமாகிறது?

ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர். கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் இன்னும் கார்டில் ஏறவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட் வீட்டிலேயே இருக்கிறது. அந்த மருத்துவமனை திட்டத்தில் இருந்தாலும் அந்தச் சிகிச்சைக்கு அங்கே அனுமதி இல்லை. சில நேரம் கேள்வி வந்திருக்கும். மருத்துவமனையில் பதில் போடாமல் இருப்பார்கள்.

ஆகவே "வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எங்க பேப்பர் அனுப்பியாச்சா? எத்தனை மணிக்கு? நம்பர் என்ன? கேள்வி ஏதும் வந்திருக்கா?" என்று கேளுங்கள். பதிலை நோட்டில் எழுதுங்கள். சரியான பதில் இல்லையென்றால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசுங்கள்.

பணம் கேட்டால்?

"முதல்ல 30,000 கட்டுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால், எதற்கு என்று கேளுங்கள், ரசீது கேளுங்கள். திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்குத் தனியாகப் பணம் வாங்கக்கூடாது. அந்த 30,000-ஐ வெளியில் பத்து வட்டிக்கு வாங்கினால் மாதம் 3,000 ரூபாய் வட்டி மட்டுமே. குழுவில் ஒரு வட்டிக்கு வாங்கினால் 300 ரூபாய். போக்குவரத்து, கூட இருப்பவர் சாப்பாடு, கூலி இழப்பு இவற்றுக்குக் குழுக்கடன் போதும்.

உடம்பு காத்திருக்குமா?

எல்லா நோயும் காத்திருக்காது. உதாரணமாகப் பித்தப்பைக் கல்லுக்காக ஒரு உறுப்பினர் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல், கண் மஞ்சள், தாங்க முடியாத வலி வந்தால் அது அவசரம். உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவசர நிலையில் மருத்துவமனை போனிலேயே அவசர அனுமதி கேட்கலாம். பேப்பர் பிறகு போகும். "அப்ரூவல் வரட்டும்"னு வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் கிடக்காதீர்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை நாமாக நிறுத்தவும் கூடாது.

சொந்தமாக பாலிசி எடுத்தவர்களுக்கு

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் போட்ட உத்தரவுப்படி, ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கைக்குக் கம்பெனி ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 155255 என்ற எண்ணில் புகார் செய்யலாம். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகக் கட்டணம் கிடையாது.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியது

* எல்லோரும் ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை கொண்டு வாருங்கள். பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.
* அட்டை இல்லாதவர் பெயரைப் பட்டியலிடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் வி.ஏ.ஓ. சான்றுடன் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குச் சேர்ந்து போய் வாருங்கள்.
* உறுப்பினர் ஆஸ்பத்திரியில் இருந்தால் துணைக்குப் போய் விசாரிக்க இருவரை இப்போதே தேர்ந்தெடுங்கள்.

நோயாளியின் வீட்டார் பதற்றத்தில் இருப்பார்கள். அப்போது நிதானமாகக் கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நம் குழுவிலிருந்து போகட்டும்.