வெனிசு நகரும் அதன் குடிகளும்

பழம்பெரு நகரொன்று இடருற்று மீள்கின்றதெனின், மீளவேண்டியன மாடங்களோ, மாந்தரோ? இவ்வினாவை இத்தாலி நாட்டு வெனிசு நகரை முன்வைத்து ஈண்டு ஆராய்வாம்.

காயலிடைத் தீவுகளில் அமைந்த இந்நகர்க்கு நீரே அரண், நீரே பகை. 1966ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள் கடல்நீர் 194 சென்டிமீட்டர் அளவிற்கு உயர்ந்தது. 2019 நவம்பரில் மீண்டும் 187 சென்டிமீட்டர் ஏறியது. அத்துயர் ஆறுமுன்னரே 2020இல் கொள்ளைநோய் வந்துற்றது. பயணியரையே நம்பியிருந்த வணிகம் நிலைகுலைந்தது.

பின்னர்ச் செய்யப்பட்டன சில. 2020 அக்டோபரில் 78 கதவங்களையுடைய கடலணை முதன்முறையாக எழுந்து பெருநீரைத் தடுத்தது. 2021 ஆகஸ்டு முதல் பெருங்கப்பல்கள் நகரையொட்டிய ஜூதெக்கா கால்வாயிற் புகுதல் விலக்கப்பட்டது. 2024இல், குறித்த சில நாட்களில், இரவு தங்காது மீளும் பயணியர்க்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் விதிக்கப்பட்டது. இவையாவும் நன்றே.

எனினும், 1951இல் ஏறத்தாழ 1,75,000 ஆயிருந்த பழநகர்க் குடித்தொகை 2022இல் 50,000க்கும் கீழ்ப்பட்டது. இதற்குக் காரணம் பல. வீடுகள் பயணியர் விடுதிகளாக மாறி, எஞ்சியவற்றின் வாடகை ஏறியமை அவற்றுள் ஒன்று. குடிகள் பலர் எதிர்க்கரை மெஸ்திரேயிற் குடியேறினர். அணை கடலைத் தடுக்கும், வாடகையைத் தடுக்குமோ? கட்டணம் கூட்டத்தைச் சிறிது குறைக்கலாம்; பெயர்ந்துபோன குடும்பத்தை மீட்டுத் தருமோ?

விருந்தோம்பலை நம் முன்னோர் இல்வாழ்வான் கடனாக வைத்தனர். இல்வாழ்வார் ஒழிந்தபின் விருந்தினரை ஏற்பார் யார்? ஆதலின், நகர்ப் புதுக்கம் குடிகளின் வாழ்மனையினின்றே தொடங்கல் வேண்டுமென்பதே நம் துணிபு.